கடலைப் பார்க்க மட்டும்

அரியூர் நாடு, கொல்லிமலை
13.10.2024

மாப்பிள்ளை வேல்முருகனுக்கு மாமன் மாதேஸ்வரன் எழுதுவது.

இங்கு நான், உன் அக்கா கண்ணாயி, பிள்ளைகள் சங்கீதா, கவிதா, மூன்று ஆடுகள் எல்லோரும் சுகம். ஓர் ஆட்டுக்கு மட்டும் இருமல். கவிதாவின் காது சற்றுப் புண்ணாக இருப்பதால் கம்மலைக் கழற்றி வைத்திருக்கிறோம். தூத்துக்குடியில் உன் உடம்பு எப்படி என்று தெரியப்படுத்தவும்.

நீ அறிந்ததையும் இதில் எழுத வேண்டியிருக்கிறது. தபாலில் சேர்க்கும் முன் இது ஊர் முன்னால் வாசிக்கப்படும். சென்ற வைகாசியில் கவிதாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டிய காது. நீ வருவதாகச் சொன்னாய். உச்சிப்பொழுது வரை பார்த்தோம். நீ வரவில்லை. ஊர்க்கவுண்டர் குப்புசாமி அவர்கள் மடி கொடுத்து உதவியதை இங்கே நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அன்று மாலை போனில் பேசினோம். "இனி இந்த ஊட்டுப் படியை மிதிக்காதே" என்று நான் சொன்னதாக நீ சொல்கிறாய். நான் சொல்லவில்லை. "அந்த மலையே எனக்கு வேண்டாம்" என்று நீ சொன்னதாக நான் சொல்கிறேன். நீ இல்லை என்கிறாய். இரண்டுக்கும் சாட்சி கிடையாது. ஆகவே ஜூன் ஒன்றாம் தேதி முதல் ஓர் ஆண்டுக்கு நாம் வாயால் பேசக் கூடாது, எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியதை ஊர் கேட்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்ப்பானது. எங்கள் ஊட்டுப் போன் ஊர்க்கவுண்டர் வீட்டு உறியில் தொங்குகிறது. நான்கு மாதமாக நாம் ஒன்றும் எழுதிக்கொள்ளாததில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இப்போது விஷயம். சங்கீதாவின் பள்ளியில் 'நான் சென்ற விடுமுறைப் பயணம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எட்டாம் வகுப்பில் எல்லோரும் எழுதினார்கள். இவள் மட்டும், "நாங்கள் சுற்றுலாத் தலத்தில் வசிப்பதால் எங்கும் போவதில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டாள். வனிதா டீச்சர் பத்துக்கு இரண்டு போட்டிருக்கிறார். சமவெளிக்காரர்கள் எல்லோரும் கொல்லிமலைக்கு வருகிறார்கள். கொல்லிமலையில் இருப்பவர்கள் எங்கே போவது என்று பாடத்திட்டம் யோசிக்கவில்லை.

எனவே வருகிற மே மாதம் குடும்பத்தோடு கடலைப் பார்க்கப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். கடல் தூத்துக்குடியில் இருப்பது என் குற்றமல்ல. நாங்கள் வருவது கடலைப் பார்க்க மட்டும். அந்நேரம் நீ அங்கே நிற்க நேர்ந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. கடலைப் பார்க்கப் போவதில் மானக்குறைவு ஏதும் இல்லை என்று ஊரும் சொல்லிவிட்டது.

உன் அக்கா பரணிலிருந்து பெரிய பையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

இப்படிக்கு, மாதேஸ்வரன்.
வாசித்தவர்: தபால்காரர் பூபதி.


தூத்துக்குடி
3.11.2024

மாமாவுக்கும் அக்காவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் ஊராருக்கும் வேல்முருகன் வணக்கம்.

நான் சுகம். ஐஸ் கம்பெனி வேலை என்பதால் கைவிரல்கள் மட்டும் நான் சொல்வதைத் தாமதமாகக் கேட்கின்றன. கவிதாவின் காதுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவவும். ஆட்டுக்கு மிளகு கொடுக்கவும். மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம்.

கடலும் சுகம். மே மாதம் எங்கும் போவதாகத் தெரியவில்லை. நீங்கள் வருவது கடலைப் பார்க்க மட்டும் என்பதை ஏற்கிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் ஓர் அறை சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வருகிற அன்று காலை ஆறு மணியிலிருந்து தற்செயலாக அங்கே நிற்பேன். கடலில் குளிக்கலாம், குடிக்க முடியாது. இதைக் குழந்தைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். நான் வந்த புதிதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரே ஒரு விசாரிப்பு. மலைப்பாதையில் நாற்பத்திரண்டாம் வளைவில் சுவர் கட்டிவிட்டார்களா? சும்மாதான் கேட்டேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். அவளே கேட்டுக்கொண்டிருப்பாள் என்றாலும் சொல்லவும்.

வேல்முருகன்.


அரியூர் நாடு
24.11.2024

மாப்பிள்ளைக்கு,

யாவரும் நலம். ஆட்டின் இருமல் நின்றுவிட்டது. கவிதாவின் காது அப்படியேதான் இருக்கிறது. உன் விரல்களை அடுப்பில் காட்டவும்.

நாற்பத்திரண்டாம் வளைவில் சுவர் கட்டிவிட்டார்கள். நீ ஏன் கேட்டாய் என்று யாருக்கும் விளங்கவில்லை. நீ கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறாய் என்கிறான், எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லும் நம் ஊர் அருணாசலம்.

உன் கடிதம் வாசிக்கப்பட்ட அன்று மாலையே பயணத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. நாங்கள் நாலு பேராக இருந்தோம். இப்போது பத்தொன்பது. வேன் பேசலாம் என்கிறார்கள். வருகிறவர்களில் அண்ணாமலைக்கு ஒரு சந்தேகம்: "அருவிக்குப் போற வழிய மூணு மணிக்கே பூட்டிப்போடறாங்களே, கடல எத்தன மணிக்குங்க பூட்டுவாங்க?" இதற்கு உன் பதிலை எதிர்பார்க்கிறோம்.

ஒரு சிக்கல் வந்திருக்கிறது. கூட்டம் கலையும் நேரத்தில் ஊர்க்கவுண்டர், "ஏனுங்க மாதேசு, பொம்பளையக் கூடப் பொறந்தவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா, அவன் மொதல்ல வந்து வாசல்ல நின்னு வெத்தல வெச்சுக் கூப்பிடோணுமல்ல?" என்றார்.

"நாங்க பொறந்தவன் ஊட்டுக்குப் போகலீங்க. கடலுக்குப் போறோம்."

"கடல் வந்து கூப்பிடாது சாமி. அவந்தான் வரோணும்."

ஊரும் அதையே சொல்கிறது. ஆகவே நீ பொங்கலுக்கு ஒரு நடை மேலே வந்து, வாசலில் நின்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போகவும். பேச வேண்டியதில்லை. பேசவும் கூடாது. நின்றால் போதும்.

உன் அக்கா இதைக் கேட்டதிலிருந்து வாசலைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறாள்.

மாதேஸ்வரன்.
வாசித்தவர்: பூபதி.


தூத்துக்குடி
12.1.2025

மாமாவுக்கு வணக்கம். எல்லோரும் நலமா? பதில் தாமதமானதற்குப் பொறுக்கவும்.

முதலில் கம்பெனியில் பைப் வெடித்தது. பிறகு மழை. பிறகு பைப்பைச் சரி செய்தவருக்குக் காய்ச்சல். இவை எல்லாம் சரியான பிறகு எனக்கு என்னவென்று சொல்லத் தெரியாத ஓர் அசதி. பொங்கலுக்கு வர இயலாது. பொங்கலுக்கு அடுத்த வாரமும் இயலாது என்று நினைக்கிறேன்.

முறை தவறக் கூடாது என்பதால் அரைக் கவுளி வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் வைத்து ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதை வாசலில் வைத்து என் பெயரைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். அழைப்பு அழைப்புதான்.

அண்ணாமலை அண்ணனுக்கு: கடலைப் பூட்டுவதில்லை.

வேல்முருகன்.


அரியூர் நாடு
2.2.2025

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். உன் அசதி தீர்ந்ததா என்று உன் அக்கா கேட்கிறாள்.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. பிரித்தபோது வெற்றிலை கஷாயத்துக்கு ஆகும் நிலையில் இருந்தது. வாசலில் நின்று கொடுத்தவர் பூபதி. ஆகவே அழைத்தவர் பூபதியே என்று அருணாசலம் ஒரு வாதம் வைத்தான். "அப்பிடீன்னா பூபதியண்ணன் எனக்குப் பொறந்தவனாயிட்டாரு. தீவாளிக்குச் சீலை எடுத்துத் தருவீங்களாண்ணா?" என்று கேட்டாள் உன் அக்கா. பூபதி அன்று மாலைத் தபாலைக் கொண்டுவரவில்லை. அதோடு அந்த வாதம் முடிந்தது. தபால் வழி வரும் வெற்றிலை செல்லாது என்பது தீர்ப்பு.

இன்னொன்று. ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் மீன்பிடிக்கத் தடை, விசைப்படகு போகாது, ஐஸ் விற்காது என்று அருணாசலம் செய்தியில் பார்த்திருக்கிறான். ஆகவே அதற்குப் பிறகு உனக்கு பைப் வெடிக்க வாய்ப்பில்லை.

உன் அக்கா தினமும் மத்தியான பஸ்ஸுக்குப் போய் வருகிறாள். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். "பஸ்ஸு நேரத்துக்கு வருதான்னு பாக்கறேன்" என்கிறாள். வந்துகொண்டுதான் இருக்கிறது.

மாதேஸ்வரன்.
வாசித்தவர்: பூபதி (மனவருத்தத்துடன்).


தூத்துக்குடி
9.3.2025

மாமாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கவிதாவின் காது ஆறியதா என்று நீங்கள் எழுதவில்லை.

ஊர் பெரிய மனது வைத்தால் ஒரு வழி சொல்கிறேன். மலையடிவாரத்தில், காரவள்ளியில், முதல் வளைவு தொடங்கும் இடத்தில் நான் விடிந்ததிலிருந்து நிற்கிறேன். வெற்றிலை என் கையில் புதிதாக இருக்கும். நீங்கள் வேனில் இறங்கி வந்ததும் அங்கேயே முறைப்படி அழைத்துவிடுகிறேன். அடிவாரமும் மலையில் சேர்ந்ததுதான். ஒரு கோலம் போட்டால் எந்த இடமும் வாசல்தான். கோலத்தை நானே போடுகிறேன்.

நான் ஊரை மதிக்காதவன் இல்லை. என் அக்காவைப் பார்க்க வேண்டாம் என்று இருப்பவனும் இல்லை. உண்மை என்னவென்றால்

(இந்த இடத்தில் இரண்டு வரிகளை அடித்திருக்கிறேன். பூபதி அண்ணன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.)

வேல்முருகன்.


அரியூர் நாடு
23.3.2025

வேல்முருகனுக்கு,

பூபதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'வயிறு' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. உனக்குக் குடல்புண் என்று அருணாசலம் முடிவு செய்து வைத்தியமும் சொன்னான். அதை எழுதப் போவதில்லை.

அடிவாரத்து வாசல் செல்லாது. எங்கள் ஊட்டுக்கு வாசல் இருக்கிறது. அதைத் தேடி ஊர்ப்பட்ட ஜனம் பஸ்ஸிலும் காரிலும் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எவனோ ஒருவன் வந்து ஊட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு வழி தெரிகிறது. உனக்குத் தெரியவில்லை. உனக்கு வர மனமில்லை என்று நேராகவே எழுதியிருக்கலாம்.

பயணம் ரத்து. பத்தொன்பது பேருக்கும் சொல்லிவிட்டேன். வேனுக்கும் சொல்லிவிட்டேன். சங்கீதா அடுத்த ஆண்டும் பத்துக்கு இரண்டு வாங்கட்டும்.

உன் அக்கா பெரிய பையைத் திரும்பவும் பரணில் போட்டுவிட்டாள். மூன்று நாளாக எனக்கும் அவள் எழுத்தில்தான் பதில் சொல்கிறாள். சங்கீதாவின் பழைய சிலேட்டில். பெரும்பாலும் ஒரே சொல்தான். அது இங்கே வேண்டாம்.

மாதேஸ்வரன்.
வாசித்தவர்: பூபதி.


சேந்தமங்கலம்
27.4.2025

சாமி வேலு, அக்கா எழுதுகிறேன்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? கவிதாவின் காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் இதை எழுதிக் கீழேயே தபாலில் போடுகிறேன். இதை யாரும் வாசிக்க மாட்டார்கள். எழுத்துக் கோணலாக இருந்தால் மடியில் குழந்தை இருக்கிறாள்.

மத்தியான பஸ் கண்டக்டர் முருகானந்தத்தை உனக்குத் தெரியாது. அவருக்கு உன்னைத் தெரியும். காதுகுத்து அன்று பதினொன்றாம் வளைவில் ஒருவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாராம். புது வேட்டியாம். கையில் சீர்த்தட்டு, அதில் குழந்தைக்குப் பாவாடை, கம்மல் டப்பா. வாந்தி எடுத்துவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்தாராம். இவர் ஆறுதலாக, "ஏறுங்க சாமி, இன்னும் அம்பத்தொம்பது வளைவுதான் இருக்குது" என்றாராம். அதைக் கேட்டதும் அந்த ஆள் எழுந்து தட்டோடு கீழே நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.

மாசி மாதமே எனக்கு இது தெரியும். உன் மாமனிடம் சொல்லவில்லை. சொன்னால் எழுதுவார், எழுதினால் பூபதி வாசிப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மழையில் நாற்பத்திரண்டாம் வளைவில் பஸ் பின்னால் நழுவி மண்மேட்டில் முட்டி நின்றதே, அதில் நீ இருந்தாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னோம். உனக்கு ஆனதை நீ சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கு உன் வேட்டியில் இருந்த சேற்றைத்தான் பார்த்தோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் சாமி. பதினொன்றாம் வளைவிலிருந்து கீழே நடக்கத் தெரிந்தவனுக்கு மேலே நடக்கத் தெரியாதா? நாம் பலாப்பழம் சுமந்து இறங்கின காட்டுத் தடம் இன்னும் இருக்கிறது. கால் மாற்றி வைத்தால் ஐந்து மணி நேரம். அதில் எந்த இடத்திலும் வளைவுக்கு எண் எழுதி வைக்கவில்லை.

கவிதாவின் காதுப் புண் ஆறி வெகு நாளாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, "துளை தூந்துபோச்சேம்மா, மறுபடியும்தான் குத்தணும்" என்றார். கம்மலைத் திரும்பப் போடாமல் விட்டது நான்தான். குப்புசாமி அண்ணன் நல்ல மனுஷர். ஆனால் வயிறு போக மீதி இருந்த மடியில் குத்தின காது அது. தூர்ந்தால் தூரட்டும் என்று விட்டுவிட்டேன். குழந்தைக்கு மாமன் மடி ஒன்று பாக்கி இருக்கிறது.

இதைக் கிழித்துப் போடு. வெற்றிலை வாங்கினால் ஈரத்துணியில் சுற்றிக்கொள்.

கண்ணாயி.


தூத்துக்குடி
8.5.2025

மாமாவுக்கும் அக்காவுக்கும் ஊராருக்கும் வணக்கம். நான் சுகம். ஐஸ் கம்பெனி மூடியிருக்கிறது. என்னிடம் சாக்கு ஒன்றும் மீதி இல்லை.

"அந்த மலையே எனக்கு வேண்டாம்" என்று போனில் நான் சொன்னது உண்மை. ஓர் ஆண்டாக இல்லை என்று சொன்னது பொய். ஆனால் நான் சொன்னது மலையை அல்ல, மலைப்பாதையை. வண்டியில் ஏறி வளைவு எண் பலகையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வருகிறது, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன். காதுகுத்து அன்று பதினொன்று வரை வந்துவிட்டுத் திரும்பினேன். மலையில் பிறந்தவன் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பைப் வெடித்தது என்று எழுதினேன். பைப்பும் ஒருமுறை வெடித்தது.

பூபதி அண்ணன் இந்தப் பகுதியை உரக்கவே வாசிக்கலாம்.

வரும் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, பொழுது சாய்வதற்குள் வாசலில் நிற்பேன். அக்கா மத்தியான பஸ்ஸுக்குப் போய் நிற்க வேண்டாம்.

வேல்முருகன்.


அரியூர் நாடு
20.5.2025

மாப்பிள்ளை வேல்முருகனுக்கு மாமன் மாதேஸ்வரன் எழுதுவது.

நான் திண்ணையில் உட்கார்ந்து சுகமாக இருக்கிறேன். நீ அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். உன் கால் கொப்புளம் தவிர மற்றபடி சுகம் என்று தெரிகிறது. தீர்ப்பு முடிய இன்னும் பதினொரு நாள் இருப்பதால் இதை எழுதி சங்கீதா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நீ வாசலில் நின்றபோது மணி நாலே கால். வெற்றிலை வாடவில்லை. அதை ஊர் பார்த்தது. அவர்கள் பார்க்காத ஒன்றையும் எழுதி வைக்கிறேன். நீ வருவதற்கு முன் உன் அக்கா காட்டுத் தடம் முடியும் இடத்தில் காலையிலிருந்து நின்றாள். ஆடு மேய்க்கிறேன் என்றாள். ஆடுகள் மூன்றும் பட்டியில் இருந்தன.

உன் எட்டாம் தேதிக் கடிதம் வாசித்த அன்று என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பூபதி உரக்கத்தான் வாசித்தார். வாசித்து முடித்ததும் யார் முதலில் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர், "நான் ஏன் பதினாறு வருசமா நாமக்கல் பக்கம் போகலைன்னு நெனச்சீங்க?" என்றார். "வேல அதிகம்னு சொன்னீங்களே?" என்றான் அருணாசலம். "ஆமா, சொன்னேன்" என்றார். பிறகு அண்ணாமலை எழுந்து, தான் பஸ்ஸில் வாயில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது வாசனைக்காக அல்ல என்றான். நானும் சொன்னேன். இருபது ஆண்டாக நான் நடு இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து வருகிறேன். நான் தூங்குவதாக உன் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு சிலேட்டில் எனக்கு ஒரு புதிய சொல் எழுதினாள்.

"இனி இந்த ஊட்டுப் படியை மிதிக்காதே" என்று போனில் நான் சொன்னதும் உண்மைதான். நீ ஒப்புக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. பெரியவன் பின்தங்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஊர் முன் வாசிக்க வேண்டும். ஆனால் பூபதி உன் பக்கத்து இலையில் இரண்டாம் ரசத்தில் இருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவிதாவின் காது தூர்ந்த விஷயம் இன்று காலைதான் எனக்குச் சொல்லப்பட்டது. எப்படித் தூர்ந்தது என்று கேட்டேன். "தானா" என்றாள் உன் அக்கா. நாளை காலை ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன். உன் மடியைத் தயாராக வைத்திருக்கவும். ஊர்க்கவுண்டர் தன் மடி ஓய்வு பெறுவதில் மகிழ்ச்சி என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் பயணம். பையைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. பள்ளி திறக்க நாள் இருக்கிறது, கடலையும் பூட்டுவதில்லை. வேன் பதினொரு பேரோடு இறங்கிக் காரவள்ளியில் நிற்கும். பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் காட்டுத் தடத்தில் நடந்தே இறங்க விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். காரணம் கேட்டால் உடற்பயிற்சி என்கிறார்கள். நீ முன்னால் நடக்கவும். நான் பின்னால் கண்ணைத் திறந்துகொண்டு வருகிறேன்.

நாங்கள் போவது கடலைப் பார்க்க மட்டும் என்று அக்டோபரில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

அவசரம்: இன்னும் சோறு வேண்டுமா என்று உன் அக்கா உன்னைக் கேட்டுக்கேட்டு நீ தலையை மட்டும் ஆட்டுகிறாயாம். பேசக் கூடாது என்பது நம் இருவருக்கும்தான், அவளுக்கல்ல. அவளிடம் வாயைத் திறந்து சொல்லவும். குழம்பு தீரும் முன் எனக்கும் ஒரு வாய் மிச்சம் வை. இதற்குப் பதிலை எழுத்தில் தரவும்.

மாதேஸ்வரன்.